அரியலூரிலிருந்து அயல்நாட்டுப் படிப்புக்கு: விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறை, பெரம்பலூர் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரி. மதிப்பெண்ணில் குறை இருக்காது, உழைப்பிலும் குறை இருக்காது. எதை எப்போது செய்வது, எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. சென்னையில் ஒரு மாணவனுக்கு அவனுடைய சீனியர் கேன்டீனில் சொல்லிவிடுகிற விஷயம், நம் ஊர்ப் பிள்ளைக்குக் கடைசித் தேதி போன பிறகு தெரிகிறது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லி வைக்கிறேன்.

1. ஒன்றரை வருடம் முன்னதாகத் தொடங்குங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். அதற்கான விண்ணப்பம் முந்தைய டிசம்பரிலேயே பல இடங்களில் முடிந்துவிடும். டிசம்பரில் அனுப்ப வேண்டுமென்றால் ஆங்கிலத் தேர்வை அக்டோபருக்குள் எழுதியிருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்களிடம் செப்டம்பரில் சொல்லியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்டுக்கு ஜூலையில் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆக, இன்ஜினீயரிங் படிப்பவருக்கு இது மூன்றாம் ஆண்டு வேலை. எம்.எஸ்ஸி. படிப்பவருக்கு முதலாண்டு வேலை. ஜெர்மனிக்கு என்றால் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் வேறு இருக்கிறது. நம் பட்டம் உண்மையானதுதானா என்று அவர்கள் சரிபார்த்துக் கொடுப்பது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம். அது கைக்கு வரச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். கடைசி செமஸ்டர் முடிந்து, ரிசல்ட் வந்து, அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் ஒரு வருடம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள், அதுவும் முதலில்.

நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ஒருவர் பெயர் செல்வி, அப்பா பெயர் குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் செல்வி கே., ஆதாரில் கே. செல்வி, கல்லூரியில் வெறும் செல்வி, பாஸ்போர்ட்டில் பெயருக்கான இடத்தில் செல்வி, குடும்பப் பெயருக்கான இடம் காலி என்று நான்கு விதமாக இருக்கும். இந்த பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசாவுக்குப் போனால் செல்வி என்பதைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்று எழுத்துகள் அவை. அப்புறம் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு என்று எதிலெல்லாமோ அந்த மூன்று எழுத்துகள் கூடவே வரும். அதை நீக்க அலைந்த பிள்ளைகளின் சிரமத்தைக் கேட்டிருக்கிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே உங்கள் பெயரை ஒரு கட்டத்திலும், அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்திலும் எழுதிவிடுங்கள். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம்தான். அதன்பின் எந்தத் தேர்வுக்குப் பதிந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து, அதே வரிசை. தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டும் பதிவும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடும். கல்லூரிச் சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால் படிக்கும்போதே திருத்தி வாங்குங்கள். டிகிரி கைக்கு வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

3. ஏஜென்ட் கையில் விண்ணப்பத்தைக் கொடுக்காதீர்கள்.

திருச்சி, சென்னையில் போர்டு வைத்திருக்கும் கன்சல்டன்சிகளில் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் காசு வாங்காமல் ஒருவர் உங்களுக்கு வேலை செய்கிறார் என்றால், அவருக்குக் கமிஷன் வேறெங்கிருந்தோ வருகிறது. நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. அதனால் கமிஷன் தரும் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் அவர் வாயிலிருந்து வரும். உதவித்தொகையோடு பி.எச்டி. தரும் துறையும், கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகமும் அவர் பட்டியலில் அநேகமாக இருக்காது.

2023இல் கனடாவில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பஞ்சாப் பிள்ளைகள் பலர் படிப்பை முடித்து, வேலைக்கும் போன பிறகு, அவர்களுக்கு ஏஜென்ட் கொடுத்த அனுமதிக் கடிதமே போலி என்று தெரிந்து, நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. அந்த ஏஜென்ட் பிடிபட்டுத் தண்டனை பெற்றார். ஆனால் பிள்ளைகள் பட்ட பாடு பட்டதுதான். கடவுச்சொல், மின்னஞ்சல், விண்ணப்ப எண் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். அனுமதிக் கடிதம் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக உங்கள் மின்னஞ்சலுக்கு வரட்டும்.

4. எம்.எஸ்ஸா, பி.எச்டியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பணக்கணக்கே அங்கேதான் மாறுகிறது.

நம் ஊரில் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி: அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் துறைகளில் பி.எச்டி.க்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது; மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். அதற்கு ஈடாக இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, பேராசிரியரின் ஆராய்ச்சியில் வேலை செய்வது என்று இருக்கும். எம்.எஸ். என்றால் பொதுவாக நம் கைக்காசு. ஆக, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்த இயற்பியல், வேதியியல், கணித மாணவருக்கு வெளிநாட்டுப் படிப்பு எட்டாத ஒன்று அல்ல. வீட்டில் பணம் இல்லை என்பதற்காகவே ஆசையை விட்டவர்கள் இந்த வழியைப் பாருங்கள்.

பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம் மட்டுமே வேண்டும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். நமக்குப் பக்கத்துச் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், பரோடாவில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அமெரிக்காவில் சேர்ந்தது ஓஹையோ பல்கலைக்கழகத்தில். பெரும் புகழ் பெற்ற இடமில்லை அது. 1976இல் இயற்பியலில் பி.எச்டி. வாங்கிய பிறகு, நாட்டம் உயிரியலில்தான் என்று தெரிந்து, சான் டியாகோவில் திரும்பவும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. முதலில் சேரும் இடம் நல்ல ஆசிரியரும் சாப்பாட்டுக்குப் பணமும் உள்ள இடமாக இருந்தால் போதும்.

5. அரியர் இருந்தால் மறைக்காதீர்கள்.

டிரான்ஸ்கிரிப்டில் எத்தனை முறை எழுதித் தேறினீர்கள் என்பது தெரிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் மூன்று பேப்பர் போனது என்றால் அதை இரண்டு வரியில் எழுதிவிடலாம். கடைசி நான்கு செமஸ்டரில் மதிப்பெண் ஏறியிருந்தால் அதைப் படிப்பவர் கவனிப்பார். மறைத்தது பின்னால் தெரிந்தால், கொடுத்த இடத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். மூன்று வருட பி.எஸ்ஸி.யை மட்டும் வைத்து விண்ணப்பிப்பவர்கள், அந்தத் துறை அதை ஏற்கிறதா என்று முதலில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஏற்பார்கள், பல இடங்களில் நான்கு வருடப் பட்டம் கேட்பார்கள்.

6. பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் உங்கள் வேலை இருக்க வேண்டும்.

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அந்த ஊரில் வளர்ந்த ராமானுஜன் இதை நமக்கு எப்போதோ காட்டிவிட்டுப் போயிருக்கிறார். 1913 ஜனவரி 16ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பலன் கிடைக்கவில்லை. மூன்றாவது ஆளுக்கு எழுதினார். ஹார்டியின் புத்தகம் ஒன்றை அவர் படித்திருந்தார். அதில் இருந்த ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு, தான் கண்டதை எழுதி, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். தன் படிப்பு, வேலை, சம்பளம் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார். அடுத்த ஆண்டு மார்ச் 17ஆம் தேதி சென்னையிலிருந்து கப்பல் ஏறியபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்திருந்தது.

நாம் ராமானுஜன் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் அமைப்பு நமக்கும் பொருந்தும். யாருக்கு எழுதுகிறோமோ அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள். அதில் உங்களுக்கு எது புரிந்தது, எங்கே கேள்வி எழுந்தது, நீங்கள் செய்த ப்ராஜெக்ட் அதோடு எங்கே சேர்கிறது என்று பத்து வரியில் எழுதுங்கள். மாண்புமிகு ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகவும் ஆர்வமாக இருக்கிறேன் என்று நூறு பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினால் ஒருவரும் திறக்கமாட்டார். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

7. நோக்க அறிக்கையை நம் மண்ணிலிருந்து எழுதுங்கள்.

எல்லாரும் எஸ்.ஓ.பி. என்று சொல்லும் இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம் என்று தொடங்குகிறார்கள். இணையத்தில் கிடைத்ததை நகலெடுத்தாலும், இப்போது கணினியிடம் கேட்டு வாங்கினாலும் அதே வரிதான் வருகிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர் அந்த வரியை ஒரே நாளில் பலமுறை படிக்கிறார்.

ஒரு மாணவி இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாள். அதை மூடி வைத்துவிட்டு, உன் ப்ராஜெக்டில் என்னம்மா செய்தாய், வாயால் சொல் என்றேன். அவள் ஊருக்குப் பக்கத்தில் வேலை நின்றுபோன சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. அந்தப் பள்ளத்துத் தண்ணீரையும், அதற்கு அருகிலும் தூரத்திலும் உள்ள கிணறுகளின் தண்ணீரையும் மாதாமாதம் பாட்டிலில் பிடித்து, தேதியை மார்க்கரில் எழுதி, பஸ்ஸில் கல்லூரிக்குக் கொண்டுபோய் இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்து கடினத்தன்மை பார்த்திருக்கிறாள். மழைக்காலத்தில் எண்கள் தான் நினைத்ததற்கு மாறாக வந்தன, ஏனென்று இன்னும் புரியவில்லை என்றாள். இதில் ஒரு வார்த்தைகூட அவள் எழுதிய அறிக்கையில் இல்லை. உள்ளூர் விஷயம், அவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாளாம். அந்தப் புரியாத இடத்திலிருந்து தொடங்கித் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினாள், அப்போதுதான் அது அவளுடைய அறிக்கையானது.

பிள்ளைகளே, அரியலூர் என்ற பெயர் உலக நிலவியல் அறிஞர்களுக்குப் புதிது இல்லை. நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862இல் வெளியிட்ட அறிக்கையில் இங்குள்ள கிரெட்டேஷியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் வருகின்றன. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கல்லாகிக் கிடக்கின்றன. செந்துறைப் பக்கம் 2009இல் டைனோசர் முட்டைகள் கிடைத்தன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தின் நீளம் 18 மீட்டர்; 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். சிமென்ட் ஆலைகள் இங்கே வந்ததற்குக் காரணமே கிரெட்டேஷியஸ் காலத்தில் இங்கே இருந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புதான்.

நிலவியல் படிப்பவர் மட்டும்தான் இதை எழுதலாம் என்பதில்லை. சிவில் படித்தவருக்கு சிமென்ட் இருக்கிறது. பொதுச் சுகாதாரம் படித்தவருக்கு லாரித் தூசி இருக்கிறது. வேளாண்மை படித்தவருக்கு ஆண்டிமடம் முந்திரியும் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் இருக்கின்றன. வரலாறு படித்தவருக்குக் கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. நீங்கள் தினமும் பார்த்து வளர்ந்த ஒன்றைப் பற்றி உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய விண்ணப்பதாரர் வேறு யாரும் இருக்கமாட்டார்.

8. பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியரே எழுதட்டும்.

நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்து போடுகிறேன் என்று சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வழி சொல்கிறேன். ஒரே ஒரு தாளில், அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன மதிப்பெண், ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள், எந்தச் சந்தேகத்தைக் கேட்டு எப்படித் தீர்த்தீர்கள் என்று குறித்து, இரண்டு மாதம் முன்னதாகக் கொடுங்கள். பிறகு நடுவில் ஒரு முறை பணிவாக நினைவுபடுத்துங்கள். முதல்வரின் கையெழுத்தைவிட உங்கள் ப்ராஜெக்ட் கைடின் நான்கு உண்மையான வரிகளுக்கு மதிப்பு அதிகம். கல்லூரிப் பெயர் உள்ள மின்னஞ்சல் முகவரி அவருக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஜிமெயிலை ஏற்பதில்லை.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்களே எழுதுங்கள். அந்தக் குடும்பத்தில் அதற்குமுன் யாருக்கும் கிடைக்காத ஒன்று உங்கள் கடிதத்தால் கிடைக்கலாம்.

9. தமிழ் வழியில் படித்தோம் என்று ஆங்கிலத் தேர்வுக்குப் பயப்படாதீர்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் இரண்டும் பழகினால் வரும். ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசுங்கள், தினமும் ஒரு பத்தி எழுதுங்கள். இந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும், ஜி.ஆர்.இ. ஐந்து ஆண்டுகளுக்கு. இப்போது பல துறைகள் ஜி.ஆர்.இ. கேட்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் பட்டியலில் உள்ள துறைகள் கேட்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

10. பணம்: நிலத்தை விற்பது கடைசியிலும் கடைசி.

முதலில் உதவித்தொகைகளைத் தேடுங்கள். ஆதிதிராவிட மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும், சீர்மரபினருக்கும், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அதை 2022 முதல் நிறுத்திவிட்டார்கள். நம் மண்ணின் வரலாற்றைப் படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளைக்குச் செய்த அநியாயம் என்றே அதைச் சொல்வேன். எல்லாருக்கும் பொதுவானவை: பிரிட்டனின் காமன்வெல்த், செவனிங், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் (இதில் மாதம் 1,400 யூரோ), ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி., அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு. செவனிங்குக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். 1892இல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை கடனாக உதவித்தொகை தருகிறது. கேரளத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது டாடா உதவியில்தான்.

கட்டணம் இல்லை என்று ஜெர்மனிக்குப் போகிறவர்களும் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துகிறார்கள்.

கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கமாட்டார்கள். அதற்கு மேல் கேட்பார்கள். இங்கேதான் நம் குடும்பங்கள் இடறுகின்றன. ஐந்து ஏக்கர் புஞ்சை இருக்கிறதே என்று நம்பிப் பட்டா, சிட்டாவோடு வங்கிக்குப் போவார்கள். கொடுத்த கடன் திரும்ப வராவிட்டால் வங்கி நேராகக் கைப்பற்றி விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்குப் பெரும்பாலான வங்கிகள் அதை அடமானமாக வாங்குவதில்லை. வீடோ மனையோதான் செல்லும். இது கடைசி நேரத்தில் தெரியவரும்போது, அவசரத்தில் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது கந்து வட்டிக்குப் போகிறார்கள். ஆகவே விண்ணப்பம் அனுப்பும் மாதத்திலேயே மேலாளரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கணக்கில் பணம் காட்டித் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். தூதரகத்தில் அது பிடிபட்டால் அடுத்தடுத்த விசாவுக்கும் சேர்த்து வாசல் அடைபடும்.

11. இடம் கிடைத்ததும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

உதவித்தொகையோடு இடம் கொடுத்தால், ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவதாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. மற்ற இடங்களின் பதில் வரும்வரை காத்திருந்து ஒப்பிடுங்கள். எல்லா இடத்திலும் இல்லை என்று வந்தாலும் அடுத்த ஆண்டு திரும்ப விண்ணப்பிக்கலாம். அதில் எந்த அவமானமும் இல்லை.

விதிகள் இப்போது வேகமாக மாறுகின்றன. கனடா 2024இல் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. அமெரிக்கா 2025இல் சில வாரங்கள் மாணவர் விசா நேர்காணல் பதிவையே நிறுத்தியது. பிறகு விண்ணப்பிப்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து வைக்க வேண்டும் என்றது. போன வருடம் போன அண்ணன் சொன்னார் என்பதை நம்பி இருக்காமல், தூதரகத்தின் சொந்த இணையதளத்தைப் படியுங்கள். ஒரே நாட்டை நம்பியும் இருக்காதீர்கள்.

12. பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு.

அண்ணனை அனுப்பக் கடன் வாங்கும் வீடுகளில், அதே மதிப்பெண் வாங்கிய தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உதவித்தொகையோடு இடம் வாங்கிய பெண்ணை, தனியாக எப்படி அனுப்புவது என்று நிறுத்திவிட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த இடம் பெரும்பாலும் திரும்ப வராது. பயம் இருந்தால் அங்கே உள்ள தமிழ் மாணவர்களிடம் போனில் பேசுங்கள், விடுதியைப் பற்றிக் கேளுங்கள், என்னிடமும் வந்து கேளுங்கள். கேட்ட பிறகு அனுப்பி வையுங்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். நோக்க அறிக்கையின் முதல் வரைவை உங்கள் கையால் எழுதிக்கொண்டு வாருங்கள், ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன்.